சுவரில் கம்பி

கடைசி அறைக்கு வைஃபை எட்டாமல் போனதற்குச் சுவர்தான் காரணம் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி நம்ப வைத்தவள் அந்த வீட்டு மருமகள்.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கிற ஒரு கம்பெனிக்கு வரும் புகார் அழைப்புகளை எடுத்துப் பேச வேண்டும். கூடத்து மூலையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் போட்டிருந்த சின்ன மேசையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். எதிர்முனையில் என்ன ஏச்சு விழுந்தாலும் குரலில் சர்க்கரை குறையக் கூடாது. ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும். யாரோ அதைக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். பின்னால் வீட்டுச் சத்தம் கேட்டால் மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார்கள்.

அந்த வீட்டில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் சத்தத்துக்கு இல்லை. மாமனார் ஓர் ஆலையின் பாய்லர் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகன் வீட்டோடு வந்து, சமையலறையைத் தாண்டி இருந்த கடைசி அறையில் தங்கிக்கொண்டார். ஒரு தொந்தரவும் இல்லாத மனிதர். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். மருமகளை 'ம்மா' சேர்க்காமல் கூப்பிட்டதில்லை. ஆனால் தினமும் காலையில், வேறு ஊரில் இருக்கும் தன் அக்காவோடு வீடியோவில் பேச உட்கார்ந்தார் என்றால், அந்தக் கட்டடத்துக்கே அவர்கள் குடும்பச் சங்கதி தெரிந்துவிடும். பார்சல் கொடுக்க வருகிற பையன்கூட, "அக்காவுக்கு மூட்டுவலி தேவலையா சார்?" என்று விசாரித்துவிட்டுப் போவான். எதிர்வீட்டு டீச்சர் அவருக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயர் வைத்திருந்தாள். அது அவர் காதுக்கும் போயிற்று. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் தன் வாஷிங் மெஷினில் தண்ணீர் ஒழுகுவதாக அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க சிரமம் எனக்குப் புரியுது சார்" என்று அவள் குழைந்த அதே நேரத்தில் உள்ளேயிருந்து மாமனாரின் குரல் புறப்பட்டது.

"அட, இதுக்குப் போய் எதுக்குப் புலம்பறே? பழசாயிட்டா ஒழுகத்தான் செய்யும்!"

அவர் சொன்னது அக்கா வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை. வாடிக்கையாளர் அது தனக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டார். அன்று மாலையே டீம் லீடர் கூப்பிட்டாள். "வீட்டுல சத்தத்தைக் கட்டுப்படுத்த முடியலைன்னா ஆபீஸுக்கே வந்துடுங்களேன்" என்றாள். ஆபீஸ் ஊரின் மறுகோடியில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும்.

மாமனாரிடம், "மாமா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் பேசியே பிழைக்கிறவளுக்கு, வீட்டில் இருக்கிற ஒருவரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் முகம் சுருங்கிவிடுவார், கணவனுக்குத் தெரிந்தால் அது ஒரு பேச்சாகும் என்றெல்லாம் நினைத்தாள். கடைசியில் போனை எடுத்து ரூட்டரின் செட்டிங்குக்குள் போனாள். சிக்னல் வலிமை 'அதிகம்' என்று இருந்தது. அதைக் 'குறைவு' ஆக்கினாள். விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் ஒன்றும் குறையவில்லை. சமையலறையில் நொண்டியது. கடைசி அறையில் சுத்தமாக இல்லை.

மறுநாள் காலை அவர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏம்மா, என் ரூம்ல நெட்டே வரலையே?"

"உங்க ரூம் சுவர்ல கம்பி அதிகம் மாமா. சிக்னல் உள்ள நுழையாது."

"இத்தனை நாள் நுழைஞ்சுதே?"

"இப்போ கம்பெனிக்காரங்க சிக்னலை மாத்திட்டாங்க. அதான்."

வாடிக்கையாளர்களிடம் பேசுகிற அதே குரலில்தான் சொன்னாள். அவருக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அறைக்குப் போய்ச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "கட்டினவன் கம்பியில கை வைக்கலை, பாத்தியா! கெட்டிக்காரன்!" என்று சந்தோஷப்பட்டார். அக்கம்பக்கத்தில் எல்லாம் தன் அறைச் சுவரின் பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வீடு அமைதியானது. இந்த ஒரு வாரம் மட்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மதிப்பெண் ஏறியது. டீம் லீடர் பாராட்டினாள். பிறகு அவள் அந்தச் செட்டிங் பக்கமே போகவில்லை. நினைவு வந்தால் வேறு எதையாவது நினைத்துக்கொண்டாள்.

அவர் பல நாள் சமையலறை வாசலில் நின்று, போனை ஒருமுறை தலைக்கு மேலும் ஒருமுறை ஜன்னல் பக்கமும் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். திரையில் அக்காவின் முகம் பாதியில் உறைந்து நிற்கும். மருமகள் இருக்கிற கூடத்துக்கு மட்டும் வர மாட்டார், அவள் வேலை கெட்டுவிடும் என்று. சாயங்காலம் கூடம் காலியாகும்போது, சீக்கிரமே தூங்கிவிடுகிற அக்கா தன் ஊரில் படுத்துவிட்டிருப்பார். மாமனாரின் சிம்மில் பேச மட்டும்தான் முடியும், இன்டர்நெட் கிடையாது. "சும்மா போன்லயே பேசுங்களேன் மாமா, வீடியோ எதுக்கு?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"பாத்துப் பேசினாத்தான்மா அவளுக்கு" என்றார். வயதானவர்களின் ஆசை என்று அவள் விட்டுவிட்டாள்.

அப்படியே மாதங்கள் போயின. ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் கடைத்தெருவுக்குப் போய்விட்டு ஒரு பையோடு வந்தார். கணவன் வீட்டில் இருந்தான். அவன் லிப்ட் மெக்கானிக். எங்கே லிப்ட் நின்றாலும் இவன் ஓட வேண்டும். வீட்டில் இருந்தால் சோபாவை விட்டு அசைய மாட்டான். அவர் பைக்குள்ளிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மருமகளின் மேசைமேல் வைத்தார். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. மேலே இரண்டு ஆன்டெனா காது மாதிரி நின்றன.

"எக்ஸ்டெண்டராம். கடைக்காரன் சொன்னான். இருக்கிற சிக்னலை வாங்கி இது அடுத்த ரூமுக்குத் தள்ளுமாம். பாக்க முயல் மாதிரி இல்ல?"

"எதுக்குப்பா இதெல்லாம்?" என்றான் கணவன்.

"எனக்கு இல்லடா. இவளுக்கு." அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "நீ பாவம் செருப்புக்குப் பக்கத்துல உக்காந்து வேலை பாக்கறே. போறவன் வர்றவன் எல்லாம் உன்னைத் தாண்டித்தான் போறான். என் ரூமுக்குக் கதவு இருக்கு. மூடிக்கிட்டா ஒரு சத்தம் வராது. இதை மாட்டிட்டா நீ அங்க போயிடு, நான் கூடத்துல படுத்துக்கறேன். எனக்கு எங்க படுத்தா என்ன? மேசைக்குக்கூட இடம் ஒதுக்கிட்டேன், வந்து பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். ஜன்னலோரம் இருந்த கட்டிலை அவர் தனியாளாகச் சுவரோரம் தள்ளியிருந்தார். அலமாரித் துணியெல்லாம் ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருந்தது.

"வேண்டாம் மாமா. எனக்குக் கூடமே வசதிதான்."

"சும்மா இரும்மா. வசதியைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

கணவன் அட்டைப்பெட்டியில் இருந்த காகிதத்தைப் படித்தான். முதலில் ரூட்டருக்குப் பக்கத்தில் செருகி, ரூட்டரில் ஒரு பட்டனையும் இதில் ஒரு பட்டனையும் அமுக்கினார்கள். இரண்டும் பழகிக்கொண்டன. பச்சை விளக்கு எரிந்தது. மாமனார் கைதட்டாத குறை. "இனிமே ரூட்டருக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல மாட்டணும். விளக்கு பச்சையா இருந்தா சரியான இடம், சிவப்பா இருந்தா சிக்னல் பத்தலைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுக் கணவன் சோபாவுக்குப் போய்விட்டான்.

நடைவழியில் மாட்டினார். சிவப்பு. சமையலறை வாசலில் மாட்டினார். சிவப்பு. எதிர்ச்சுவரில் மாட்டினார். அங்கேயும் சிவப்பு.

எப்படிப் பச்சை வரும்? இருக்கிற சிக்னலை வாங்கித்தானே அது தள்ள வேண்டும். ரூட்டரின் கழுத்தைத்தான் அவள் நெரித்து வைத்திருக்கிறாளே. அது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பிளக் பாயிண்டுகள் எல்லாம் தரையோரம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மெல்ல மடித்து உட்கார்ந்தார். செருகிவிட்டு, விளக்கையே உற்றுப் பார்த்தபடி காத்திருந்தார். சிவப்பு எரிந்ததும், "சரி, உனக்கு இந்த இடம் பிடிக்கலை" என்று அந்தப் பெட்டியிடம் சமாதானம் சொல்லிக்கொண்டு, மறுபடி சுவரைப் பிடித்து எழுந்தார். எழும்போது மூச்சோடு சேர்ந்து ஒரு முனகல் வந்தது.

"கம்பிம்மா. கம்பி விடமாட்டேங்குது" என்றார் அவளைப் பார்த்து.

அவளால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். போனை மேசைக்கு அடியில் பிடித்துக்கொண்டு செட்டிங்குக்குள் போய், 'குறைவு' என்பதை 'அதிகம்' ஆக்கினாள்.

"ஏய், நெட் போச்சு!" என்றான் சோபாவில் இருந்த கணவன். ரூட்டர் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. அவள் தலையைத் தூக்கினாள். நடைவழியில் உட்கார்ந்திருந்த மாமனார் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தை அல்ல, மேசைக்கு அடியில் இருந்த கைகளை. அவருக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியில் பச்சை எரிந்தது.

"வந்துடுச்சு" என்றார். குரலில் சந்தோஷம் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எழுந்து அறைக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் பழைய குரல் கிளம்பியது. "தெரியுதா அக்கா? நல்லாத் தெரியுதா? மருமகதான் சரி பண்ணிக் கொடுத்தா! ஆமா, கெட்டிக்காரி!"

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள்.

வெளியே வந்தபோது கணவன் மறுநாளைக்கான யூனிஃபார்மை இஸ்திரி போட நடைவழிக்கு வந்திருந்தான். இஸ்திரிப் பெட்டியை மாட்ட, அங்கே இருந்த எக்ஸ்டெண்டரைப் பிடுங்கிவிட்டு, பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அப்பா, முயலைப் பிடுங்கிட்டேன்! லைன் கட்டாயிடுச்சா?"

"இல்லையே, அக்கா தெரியறாளே!"

அவன் எக்ஸ்டெண்டரைக் கையில் வைத்துக்கொண்டே அறைக்குள் போய்த் தன் போனைப் பார்த்தான். "இது இல்லாமலே ஃபுல்லா வருது. கம்பி கம்பின்னு சொன்னே?" என்று அவளிடம் கேட்டான். பழுது என்றால் அதன் காரணம் தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"தெரியலைங்க. ஏதாவது அப்டேட் வந்திருக்கும்."

இந்தப் பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

மாமனார் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "கம்பெனிக்காரன் எங்கேயாவது சரி பண்ணியிருப்பான்டா. உனக்கு எதுக்கு அது? சட்டை தீயப்போகுது, போ" என்று மகனை அனுப்பினார். அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் பட்ட சிரமம் அவளுக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது.

மறுநாளிலிருந்து அவருடைய அறையில் சத்தமே இல்லை. கதவு மூடியிருந்தது. 'ம்மா' மட்டும் நிற்கவில்லை. "தண்ணி இருக்காம்மா", "வெளிய போயிட்டு வரேம்மா." அதற்கு மேல் பேச்சில்லை. அறை மாறுவது பற்றி அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அக்காவோடு பேசுவதையே விட்டுவிட்டார் என்று அவள் நினைத்தாள். ஹெட்போனுக்குள் யார் யாரோ கத்தினார்கள். அவள் காது கடைசி அறையிலேயே இருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் இடைவேளையில் டீ போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள். அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். வாய் அசைந்தது. கண் விரிந்தது, புருவம் ஏறியது, கன்னம் சிரித்தது. ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. உதடுகளை அகல அகலத் திறந்து மூடி, காற்றையே பேசிக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ன இது?"

அவர் திடுக்கிட்டுப் போனைத் தாழ்த்தினார். "கேட்டுச்சா?"

"எங்க கேட்டுது? நீங்க பேசவே இல்லையே."

"பேசறேன்மா. அவளுக்குக் காது சுத்தமாப் போயி ரொம்ப நாளாச்சு. வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவா. அதான் வீடியோ. கத்தினா வாய் நல்லாத் திறக்கும், அதனாலதான் கத்தறது. இப்போ கத்தாமலே திறக்கப் பழகிக்கிட்டேன்." பிறகு, "முதல்லயே தெரிஞ்சிருந்தா அப்பவே பழகியிருப்பேன்" என்றார். குத்திக் காட்டுகிற தொனியே இல்லை. அதுதான் ஆழமாக இறங்கியது.

கணவனுக்கு அத்தையான அந்த அக்காவுக்குக் காது மந்தம் என்று கல்யாணத்திலேயே சொன்னார்கள். இவ்வளவு என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை.

போனிலிருந்து அத்தையின் குரல் வந்தது. தன் குரலே தனக்குக் கேட்காதவர்கள் பேசுகிற, மேடும் பள்ளமுமான குரல். "யார்கிட்டடா பேசறே? கட் பண்ணிடப் போறியா? பண்ணு, பண்ணு. இத்தனை மாசம் சுவரு, கம்பின்னு சாக்குச் சொன்னவன்தானே நீ. அக்கா வேண்டாதவளாயிட்டா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கோவத்துல இருக்கா" என்றார் மெதுவாக. "நான் எது சொன்னாலும் நம்ப மாட்டேங்கறா."

"நீங்க உண்மையைச் சொல்லலையா மாமா?"

"உன்னைப் பத்தி நான் எப்படிம்மா அவகிட்ட சொல்வேன்?"

டீ டம்ளரை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனை வாங்கினாள். திரையில் அத்தையின் நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன.

"அத்தை, தப்பு என் மேல" என்றாள்.

கண் சுருங்கியது. "தம்பியா? தம்பிக்கு என்ன? பக்கத்துல குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கானே."

"தம்பி இல்லை. தப்பு. நான் தப்பு பண்ணிட்டேன்."

"வாயைத் திறந்து சொல்லு பொண்ணே! முணுமுணுன்னா எனக்கு எப்படி விளங்கும்?"

தலை குனிந்து, உதடு பிரியாமல், யார் காதிலும் விழாமல் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுதான் அவள் உட்கார்ந்திருந்தாள். அத்தையிடம் அது நடக்காது. முகத்தை நிமிர்த்தி, வாயை அகலத் திறக்க வேண்டியிருந்தது. சத்தம் தானாகவே சேர்ந்து வந்தது.

"தப்பு! நான் பண்ணின தப்பு! மாமா சத்தமாப் பேசறாருன்னு நான்தான் நெட்டைக் குறைச்சு வச்சேன்! சுவர்ல கம்பின்னு பொய் சொன்னேன்! அவர் மேல ஒண்ணும் இல்ல!"

அத்தை அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைத் தள்ளிப் பிடித்தார். முழு முகமும் தெரிந்தது. தம்பியின் அதே மூக்கு.

"அவன் சத்தமா?" என்றார். "காது இருந்த காலத்துல நானும் தாங்க முடியாமத்தான் இருந்தேன்." சிரிக்கப் போகிறார் என்று நினைத்தாள். அத்தை சிரிக்கவில்லை. "இப்போ அது கேட்டா போதும்னு இருக்கு. சரி, அவன்கிட்ட கொடு."

அவள் போனைக் கொடுத்தாள். திரும்பினால், வாசலில் கணவன். பக்கத்துத் தெருவில் ஏதோ லிப்ட் வேலை, சாப்பிட வந்திருக்கிறான். தோளில் டூல்ஸ் பை. கூடத்தில் இருந்தாலே கேட்டிருக்கும், இவன் வாசலிலேயே நிற்கிறான். அவன் அப்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கை கழுவப் போனான். சாப்பிட்டான். கிளம்பும்போது மட்டும், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றான்.

அன்று மாலை அவள் டீம் லீடரைக் கூப்பிட்டு, வீட்டில் காலையில் சத்தம் இருக்கும், ஷிப்டைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டாள். "ஓ, தாராளமா. முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றாள் டீம் லீடர். அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதைக் கேட்டு அவளுக்கு நிம்மதி வரவில்லை. போனை வைத்துவிட்டு வெகுநேரம் செருப்பு அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷிப்டு மாறியதை மாமனாரிடம் போய்ச் சொன்னாள். "இனிமே காலையில எனக்கு வேலை இல்ல மாமா. நீங்க வாய்விட்டுப் பேசுங்க."

அவர் தன் துணிகளை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துப் பழையபடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவளும் இரண்டு சட்டைகளை எடுத்து மடித்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்.

"கோவமில்லைன்னு சொல்ல மாட்டேம்மா" என்றார் அலமாரியைப் பார்த்தபடியே. "கோவம்தான். கொஞ்ச நாள் இருக்கும். நீ கண்டுக்காதே."

"சரி மாமா."

அவர் சொன்னபடியே கொஞ்ச நாள் இருந்தது. காலையில் அவருடைய குரல் கதவிடுக்கில் ஒரு முணுமுணுப்பாகத்தான் வந்தது, பாதியில் சட்டென்று அடங்கவும் செய்தது. அடங்கும் ஒவ்வொரு முறையும் சமையலறையில் நிற்கிறவளுக்குக் கை நின்றுவிடும். பிறகு ஒருநாள் தன்னை மறந்து, "என்னது, பல்லு விழுந்துடுச்சா? எந்தப் பல்லு? காட்டு!" என்று கத்தினார். எதிர்வீட்டுக் கதவு திறக்கிற ஓசை கேட்டது. டீச்சர் எட்டிப் பார்த்து, "ஒலிபெருக்கி ரிப்பேர் ஆயிடுச்சோன்னு நினைச்சேன், எங்க போயிருந்தார் இத்தனை நாள்?" என்று அவளிடம் கேட்டாள்.

"நான்தான் நிறுத்தி வச்சிருந்தேன்" என்றாள் அவள்.

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்து டீச்சர் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. டீச்சர் சிரிப்பை நிறுத்தும்வரை காத்திருந்து, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.